நவீன வீட்டு ஒளியமைப்பு: வரைபடம் முதல் டிம்மர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எந்த விளக்கை வாங்குவது, அதை எங்கே மாட்டுவது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலானோர் வீட்டு ஒளியமைப்பைத் தொடங்குகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஒளி எந்தப் பரப்பின் மேல் விழ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது எந்தத் திசையிலிருந்து வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும், என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பவை அடுத்து வருகின்றன. விளக்கின் வடிவம் கடைசியில்தான் வர வேண்டும். நவீன ஒளியமைப்பு என்று நாம் வியந்து பார்க்கும் வீடுகளை உற்று நோக்கினால், அங்கே விளக்குகள் அதிகம் கண்ணில் படுவதில்லை என்பது புரியும். சுவரும் திரைச்சீலையும் மேசைப் பரப்பும் தாமே ஒளிர்வதுபோலத் தோன்றும். இடையிடையே நிழலுக்கும் இடம் விடப்பட்டிருக்கும்.

இதைச் செய்யச் சரியான காலம் சுவரில் மின்குழாய்கள் பதிப்பதற்கு முன்புதான். பூச்சு வேலை முடிந்துவிட்ட வீட்டிலும் கீழே சொல்லப்படுபவற்றில் பாதிக்கு மேல் நிறைவேற்ற முடியும், ஏனெனில் பிளக்கில் செருகும் தரை விளக்குகளும் மேசை விளக்குகளும் எந்தச் சுவரையும் உடைக்கக் கேட்பதில்லை.

படி 1: மாலை நேரத்து வரைபடம்

வீட்டின் தரைப்படத்தை அளவோடு வரைந்து, சோபா, கட்டில், மேசை, அலமாரி ஆகியவை நிற்கப்போகும் இடங்களை அதில் குறித்துக்கொள்ளுங்கள். அறைக்கலன் எங்கே நிற்கும் என்று தெரியாமல் விளக்குப் புள்ளி குறிப்பது வீண் வேலை. பிறகு ஒவ்வோர் இடத்திலும் பொழுது சாய்ந்த பின் என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள்: இங்கே ஒருவர் படிக்கிறார், இங்கே காய்கறி நறுக்கப்படுகிறது, இங்கே குழந்தை தரையில் உட்கார்ந்து விளையாடுகிறது, இங்கே யாரும் நிற்பதில்லை, கடந்துதான் போகிறார்கள். அதே படத்தில் எந்தச் சுவர் கண்ணுக்கு முதலில் படுகிறது என்பதையும் அம்புக்குறியால் காட்டுங்கள். அறைக்குள் நுழைபவரும் சோபாவில் உட்கார்ந்திருப்பவரும் பார்ப்பது பெரும்பாலும் எதிர்ச் சுவரைத்தான். அந்தச் சுவர் ஒளியோடு இருந்தால் அறை விசாலமாகத் தெரியும். அது இருண்டு, தரை மட்டும் ஒளிர்ந்தால் எத்தனை விளக்கு எரிந்தாலும் அறை மங்கலாகவே தோன்றும்.

இதை நம்புவதற்கு ஒரு சிறு சோதனை போதும். இருட்டிய பிறகு அறை விளக்குகளை அணைத்துவிட்டு, கழுத்து வளையும் மேசை விளக்கு ஒன்றை எடுத்து முதலில் தரையை நோக்கித் திருப்புங்கள். பிறகு அதே விளக்கை வெளிர்நிறச் சுவருக்கு அரை மீட்டர் தொலைவில் வைத்துச் சுவரை நோக்கித் திருப்புங்கள். கடைசியாகக் கூரையை நோக்கித் திருப்புங்கள். பல்பு ஒன்றுதான், செலவாகும் மின்சாரமும் ஒன்றுதான். ஆனால் அறையின் அளவும் மனநிலையும் மூன்று முறையும் வேறாகத் தெரியும்.

படி 2: ஒளியை மூன்று அடுக்குகளாகப் பிரித்தல்

அமெரிக்க ஒளியமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி 1952-இல் ஒளியை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார்: சூழ்ந்து பரவும் ஒளி, ஓரிடத்தில் குவியும் ஒளி, கண்ணுக்கு மினுமினுக்கும் ஒளி. இன்று வீட்டு ஒளியமைப்பில் பேசப்படும் பொது ஒளி, வேலை ஒளி, சிறப்பொளி என்ற பகுப்புக்கும் இதுவே வேர். பொது ஒளி நடமாடப் போதுமான வெளிச்சத்தைத் தருகிறது. வேலை ஒளி கைக்கும் கண்ணுக்கும் இடையில் உள்ள பரப்பில் விழுகிறது. சிறப்பொளி ஓவியத்தையோ, செடியையோ, கல் பதித்த சுவரையோ எடுத்துக்காட்டுகிறது.

கூரை நடுவில் உள்ள ஒரே விளக்கு இந்த மூன்றையும் தன் தலையில் சுமக்க முயல்வதால்தான் மூன்றிலும் தோற்கிறது. சமையலறை மேடையில் நிற்பவரின் நிழல் அவர் நறுக்கும் பலகை மேலேயே விழுவதும், கண்ணாடி முன் நிற்பவரின் கண்குழிகள் கருத்துத் தெரிவதும் அதனால்தான். ஒவ்வோர் அறைக்கும் குறைந்தது இரண்டு அடுக்குகளும், நீண்ட நேரம் இருக்கும் அறைகளுக்கு மூன்று அடுக்குகளும் வேண்டும். அவை தனித்தனி ஸ்விட்சுகளில் இயங்க வேண்டும் என்பதை இப்போதே வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

படி 3: லூமன் கணக்கு

பல்பின் வெளிச்சத்தை வாட்டால் மதிப்பிடும் பழக்கம் இழை பல்புகளின் காலத்தோடு முடிந்துவிட வேண்டியது. வாட் என்பது விழுங்கும் மின்சாரம். லூமன் என்பதே வெளிவரும் ஒளி. பழைய 60 வாட் இழை பல்பு தந்த சுமார் 800 லூமன் ஒளியை இன்றைய எல்.இ.டி பல்பு 8 முதல் 10 வாட்டிலேயே தந்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் லூமனே லக்ஸ். வரவேற்பறையின் பொது ஒளிக்கு 100 முதல் 200 லக்ஸ் போதும். படிக்கும் இடத்துக்கும் சமையல் மேடைக்கும் 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். நடைபாதைக்கு 100 லக்ஸ் தாராளம்.

எடுத்துக்காட்டாக 4 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள வரவேற்பறையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 20 சதுர மீட்டர். 150 லக்ஸ் வேண்டுமென்றால் 3,000 லூமன் தேவைப்படுகிறது. ஆனால் விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி முழுவதும் பயன்படும் பரப்பை வந்தடைவதில்லை. விளக்கின் மூடியும் சுவரும் கூரையும் ஒரு பகுதியை விழுங்கிவிடும்; ஆகவே ஒன்றரை மடங்கு, அதாவது 4,500 லூமன் என்று வைத்துக்கொண்டு அதை ஆறேழு சிறு விளக்குகளாகப் பிரித்துப் பரப்புவதே என் பரிந்துரை. வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. அடர்சாம்பல் அல்லது கருநீலச் சுவர் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. சுவருக்கு அடர்நிறம் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கணக்கை உயர்த்தியே ஆக வேண்டும்.

வீட்டில் முதியவர்கள் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கி, கண்வில்லை மஞ்சளாவதால், 60 வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளி 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அவர்கள் படிக்கும் நாற்காலிக்கும், குளியலறைக்குப் போகும் வழிக்கும் கூடுதல் ஒளி வேண்டும். ஆனால் அது கண்ணைக் கூசச் செய்யாத ஒளியாக இருக்க வேண்டும், ஏனெனில் கூச்சமும் வயதோடு கூடுகிறது.

படி 4: ஒளியின் நிறமும் தரமும்

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிக்கிறார்கள். 2,700 கெல்வின் இழை பல்பின் இளமஞ்சள். 3,000 அதைவிடச் சற்றுத் தெளிவு. 4,000 நடுநிலை வெண்மை. 6,500 நீலம் தோய்ந்த பகல் வெண்மை. வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் 2,700 அல்லது 3,000, சமையல் மேடைக்கும் அலுவல் மேசைக்கும் 3,000 முதல் 4,000 என்று வைத்துக்கொள்ளலாம். 6,500 கெல்வின் விளக்கை வாழும் அறைகளில் மாட்டுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஆதரிப்பதில்லை. நீலம் மிகுந்த வெளிச்சம் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனின் சுரப்பைத் தள்ளிப்போட்டுத் தூக்கத்தைக் கெடுக்கக்கூடும் என்பது ஒரு காரணம். தோலின் நிறத்தையும் மரத்தின் நிறத்தையும் வெளிறச் செய்வது இன்னொரு காரணம். எந்த நிறத்தைத் தேர்ந்தாலும், கண்ணில் ஒருசேரப் படும் விளக்குகள் அனைத்தும் ஒரே கெல்வினில் இருக்கட்டும். ஒரு கூரையில் மஞ்சளும் வெண்மையும் கலந்து எரிவதைப்போல அறையைக் குலைப்பது வேறில்லை.

நிறத்தைவிடப் பலர் கவனிக்காதது நிறங்களை உள்ளபடி காட்டும் திறன். பெட்டியின் மேல் சி.ஆர்.ஐ என்று எண்ணோடு அச்சிடப்பட்டிருக்கும். 80 என்பது சாதாரணம். 90-க்கு மேல் இருந்தால் துணியும் பழமும் முகமும் உயிரோடு தெரியும். வெள்ளை எல்.இ.டி என்பது உண்மையில் நீல ஒளியை மஞ்சள் பாஸ்பர் பூச்சின் வழியே செலுத்திப் பெறுவது. அந்த நீல எல்.இ.டி-யை உருவாக்கியதற்காகத்தான் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வழிமுறையில் ஆழ்ந்த சிவப்பு எளிதில் குறைந்துபோகும். ஆகவே சி.ஆர்.ஐ எண்ணோடு ஆர்9 என்ற சிவப்புக்கான எண்ணும் குறிப்பிடப்பட்டிருந்தால், 50-க்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

மலிவான விளக்குகளின் மற்றொரு குறை மினுக்கல். மின்சாரத்தை எல்.இ.டி-க்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவியான டிரைவர் சரியாக இல்லாத விளக்கு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது; கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி தருகிறது. கடையிலேயே கைபேசிக் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து எரியும் விளக்கைப் படம்பிடித்துப் பாருங்கள். துடிப்பு பட்டையாக ஓடினால் அந்த விளக்கை வாங்க வேண்டாம்.

படி 5: கூச்சத்தை ஒழித்து, சுவரை ஒளிரச் செய்தல்

ஒளியமைப்பின் நயம் முழுவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த போல் ஹென்னிங்சன் 1920-களிலேயே, பல்பு எந்தக் கோணத்திலிருந்தும் நேராகக் கண்ணில் படாதபடி அடுக்கடுக்கான மூடிகளைக் கொண்ட விளக்குகளை வடிவமைத்தார். 1958-இல் வந்த அவருடைய பி.எச்.5 விளக்கு இன்றும் விற்பனையில் இருப்பதற்குக் காரணம் அழகு மட்டுமன்று, அது கண்ணைக் கூசச் செய்யாது என்பதும்தான். ஒளிமூலம் கண்ணுக்கு மறைந்திருக்க வேண்டும், அது தொட்ட பரப்பு மட்டும் தெரிய வேண்டும் என்ற விதியை ஒவ்வொரு விளக்குக்கும் பொருத்திப் பாருங்கள். கூரையில் பதித்துக் கீழ்நோக்கி ஒளிவீசும் டவுன்லைட் வாங்குவதானால் ஒளிச்சில்லு விளிம்பை ஒட்டியிருப்பதைத் தவிர்த்து, உள்ளே ஆழமாகப் பதிந்திருப்பதை வாங்குங்கள். சோபாவுக்கும் தலையணைக்கும் நேர்மேலே டவுன்லைட் வைக்காதீர்கள்.

பொய்க்கூரை முழுவதும் சதுரக் கட்டமாக டவுன்லைட்டுகளை நிரப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது தரையைக் கடைத்தளம்போல் ஒளிரச் செய்து, சுவர்களை இருட்டில் விட்டுவிடுகிறது. அதே விளக்குகளைச் சுவரிலிருந்து 60 முதல் 90 சென்டிமீட்டர் தள்ளி வரிசையாக வைத்தால் சுவர் மேலிருந்து கீழ்வரை சீராக ஒளிரும். சுவர் கரடுமுரடான கல்லோ செங்கல்லோ என்றால் 15 முதல் 30 சென்டிமீட்டருக்குள் நெருக்கி வையுங்கள். ஒளி சாய்வாக உரசிச் சென்று ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் நிழல் தரும். ஆனால் வழவழப்பான பூச்சுச் சுவரில் இந்த நெருக்கம் வேண்டாம், கொத்தனாரின் ஒவ்வொரு கரண்டித் தடமும் தெரிந்துவிடும். ஓவியத்துக்கு ஒளி தருவதானால் செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகைச் சாய்வில் விளக்கைத் திருப்புங்கள். சட்டத்தின் நிழலும் கண்ணாடியின் பிரதிபலிப்பும் பெரிதும் குறையும்.

ஸ்பாட்லைட்டில் ஒளிவிரிவுக் கோணம் அச்சிடப்பட்டிருக்கும். 2 மீட்டர் தொலைவில் 24 பாகை விளக்கு சுமார் 85 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தையும், 36 பாகை விளக்கு சுமார் 1.3 மீட்டர் வட்டத்தையும் உண்டாக்கும். தொலைவு இரட்டிப்பானால் அந்த வட்டத்தில் விழும் ஒளியின் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும் என்பதால், உயர்ந்த கூரையுள்ள அறைக்கு அகலக் கோண விளக்குகள் பயன்படா.

பெரிய கண்ணாடிச் சன்னல்கள் இருக்கும் வீட்டில் இரவில் அவை கருங்கண்ணாடியாக மாறி உள்விளக்குகளையே திருப்பிக் காட்டும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஜான்சனின் கண்ணாடி வீட்டில் இதே சிக்கலைக் கெல்லி தீர்த்த விதம் எளியது: வெளியே உள்ள மரங்களுக்கும் புல்தரைக்கும் ஒளி பாய்ச்சி, உள்ளே உள்ள ஒளியை அடக்கினார். பால்கனியில் இரண்டு செடிகளுக்குக் கீழே சிறு விளக்கு வைத்தாலே நம் வீட்டிலும் இது பலிக்கும்.

படி 6: அறை அறையாக

சமையலறைக்கு முதலிடம் தர வேண்டும், ஏனெனில் கத்தியும் தீயும் புழங்கும் இடம் அது. மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி எல்.இ.டி பட்டையைப் பொருத்துங்கள். பலரும் பின்சுவரை ஒட்டிப் பொருத்துகிறார்கள். அப்போது ஓடுகள் பளிச்சிடுமே தவிர, கை வேலை செய்யும் இடம் இருட்டிலேயே நிற்கும். மேடை பளபளப்பான கருங்கல் என்றால் பட்டையின் புள்ளிகள் அதில் வரிசையாகத் தெரியும். பால்நிற மூடி போட்ட அலுமினியச் சட்டத்துக்குள் வைத்தால் அது மறையும்.

உணவு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கின் அடிவிளிம்பு மேசைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அதைவிட உயர்ந்தால் பல்பு கண்ணில் அடிக்கும். தாழ்ந்தால் எதிரில் இருப்பவரின் முகம் மறையும். விளக்கின் விட்டம் மேசை அகலத்தில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் இருந்தால் அளவு பொருந்தும்.

குளியலறைக் கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கு வேண்டாம். கண்ணாடியின் இருபுறமும் முகத்தின் உயரத்தில் செங்குத்து விளக்குகள் இரண்டு இருந்தால் முகத்தில் நிழல் விழாது. ஈரம் படும் இடங்களில், தூசும் நீரும் புகாமல் தடுக்கும் திறனைக் காட்டும் ஐ.பி. குறியீடு 44-க்குக் குறையாத விளக்குகளையும், நீர் பீய்ச்சப்படும் இடத்தில் ஐ.பி.65 விளக்குகளையும் மட்டுமே பொருத்த வேண்டும்; இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

படுக்கையறையில் இரு பக்கத்துக்கும் தனித்தனி ஸ்விட்சோடு வாசிப்பு விளக்கு, கட்டிலுக்கு அடியிலோ சுவரின் கீழ்ப்பகுதியிலோ மிக மங்கலான வழி விளக்கு ஆகியவை போதும். மாடிப்படிக்கு ஒவ்வொரு படியின் விளிம்பும் தெரிய வேண்டும், விளக்கு மட்டும் தெரியக் கூடாது.

படி 7: மறைவு விளக்குகளைச் சரியாகப் பொருத்துதல்

பொய்க்கூரையின் ஓரப் பள்ளத்தில் மறைத்து வைக்கும் எல்.இ.டி பட்டைதான் நவீன வீடுகளின் அடையாளமாகிவிட்டது. அதிகம் கெடுக்கப்படுவதும் அதுதான். பட்டைக்கும் மேல்கூரைக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி இல்லையென்றால் ஒளி பரவாமல் ஒரு கோடாக உறைந்துவிடும். பள்ளத்தின் முன்மறைப்பு, எதிர்ச் சுவரோரம் நிற்பவருக்கும் பட்டை தெரியாத உயரத்தில் இருக்க வேண்டும். ஒளிச்சில்லுகள் மிக நெருக்கமாகப் பதிந்து புள்ளி புள்ளியாகத் தெரியாத சி.ஓ.பி வகைப் பட்டையோ, மீட்டருக்கு 120 எல்.இ.டி-களுக்குக் குறையாத பட்டையோ வாங்குங்கள். நீளம் 5 மீட்டரைத் தாண்டும்போது 12 வோல்ட் பட்டையின் மறுமுனை மங்கும். 24 வோல்ட் பட்டையில் அதே வாட்டுக்கு மின்னோட்டம் பாதியாவதால் அந்த மங்கல் குறையும். டிரைவரை அதன் திறனில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுமையேற்றாதீர்கள். பட்டை கெடுவதற்கு முன் டிரைவர் கெடுவதே வழக்கம் என்பதால், அதைக் கை எட்டித் திறக்கக்கூடிய இடத்தில் காற்றோட்டத்தோடு வையுங்கள். அடைத்துப் பூசிய கூரைக்குள் டிரைவரைப் புதைத்துவிட்டால் அதை மாற்றக் கூரையைத்தான் உடைக்க வேண்டும்.

படி 8: ஸ்விட்சும் டிம்மரும்

வரைபடத்தில் பிரித்த அடுக்குகளை இப்போது ஸ்விட்சுகளாக மாற்றுங்கள். நடைபாதையிலும் மாடிப்படியிலும் இரு முனையிலும் இயக்கக்கூடிய டூவே ஸ்விட்ச் வேண்டும். வரவேற்பறை, உணவு மேசை, படுக்கையறை ஆகிய மூன்றுக்கும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தே ஆக வேண்டும் என்பேன். கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. அளவில் 25 விழுக்காடாகக் குறைத்த ஒளி கண்ணுக்குப் பாதியாகவே தெரிகிறது. ஆகவே நல்ல டிம்மர் 5 விழுக்காட்டுக்கும் கீழே துடிப்பின்றி இறங்க வேண்டும். டிம்மருக்கு ஏற்ற பல்பு என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எல்.இ.டி-க்கு, மின் அலையின் பின்பகுதியை வெட்டி ஒளியைக் குறைக்கும் டிரெய்லிங் எட்ஜ் வகை டிம்மர் பெரும்பாலும் அமைதியாக இயங்கும். கைபேசியாலும் குரலாலும் இயங்கும் விளக்குகளை விரும்புபவர்கள், சுவரில் சாதாரண ஸ்விட்ச் ஒன்றும் அதே விளக்கை இயக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இணையம் அறுந்தாலும் வீட்டுக்கு வந்த விருந்தினர் தட்டுத் தடுமாறாமல் விளக்குப் போட முடிய வேண்டும்.

படி 9: கண்ணில் படும் விளக்குகள்

இவ்வளவுக்கும் பிறகுதான் வடிவத் தேர்வு. அறைக்கு ஒரு விளக்கு மட்டும் பார்வையை ஈர்க்கட்டும். 1951-இல் சிற்பி இசாமு நொகுச்சி வடிவமைக்கத் தொடங்கிய அகாரி காகித விளக்குகளும், 1962-இல் இத்தாலிய வடிவமைப்பாளர்களான காஸ்டிலியோனி சகோதரர்கள் பளிங்கு அடிக்கட்டையில் வளைந்து நிற்கும்படி செய்த ஆர்க்கோ தரை விளக்கும் இன்றுவரை பழசாகாமல் இருப்பதற்குக் காரணம், அவை முதலில் ஒளியைப் பற்றி யோசித்து, பிறகு உருவம் பெற்றவை என்பதே. ஆர்க்கோ பிறந்தது கூரையில் துளையிடாமல் மேசைக்கு மேல் ஒளி வேண்டும் என்ற எளிய தேவையிலிருந்து. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த யோசனை அப்படியே உதவும். பல்பை மாற்ற முடியாத, முழுவதும் ஒட்டி அடைத்த விளக்குகளை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்; உள்ளே இருக்கும் சிறு பாகம் கெட்டாலும் முழு விளக்கையும் தூக்கி எறிய நேரும்.

படி 10: இரவில் திருப்பிச் சரிசெய்தல்

வேலை முடிந்ததும் எலெக்ட்ரீஷியனைப் பகலிலேயே அனுப்பிவிடாமல், இருட்டிய பிறகு அவரோடு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஸ்பாட்லைட்டையும் ஒருவர் ஏணியில் நின்று திருப்ப, மற்றொருவர் சோபாவில், கட்டிலில், மேசையருகில் உட்கார்ந்து கண் கூசுகிறதா என்று சொல்ல வேண்டும். நின்றபடி பார்த்து ஒப்புக்கொண்ட கோணம் உட்கார்ந்தால் பெரும்பாலும் தவறாக இருக்கும். கண்ணில் அடிக்கும் விளக்கைத் திருப்பியும் சரியாகாவிட்டால் விளக்கின் முகப்பில் தேன்கூடு போன்ற வலை மாட்டலாம், அல்லது அதன் வாட்டைக் குறைக்கலாம். எல்லாம் சரியானதும் ஒவ்வொரு விளக்கின் லூமன், கெல்வின், டிரைவர் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மின்பெட்டியின் கதவுக்குள் ஒட்டுங்கள். ஒரே தொகுப்பில் வந்த பல்புகள் இரண்டை எடுத்து வையுங்கள், ஏனெனில் அடுத்த ஆண்டு வாங்கும் 2,700 கெல்வின் இப்போது எரியும் 2,700 கெல்வினோடு நிறத்தில் முழுவதும் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.